செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. மேற்கே குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்ததால், பாளையங்கோட்டையிலும் காலையிலிருந்தே காற்று குளிர்ந்து வீசியது. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. பதினொன்று பத்துக்கு வெயில் வந்தது. அந்த வெயிலில்தான் என் காரைப் பதினாறு கோணங்களில் படம் எடுத்து, இணைய ஏலத்தில் ஏற்றினேன்.

நாளையும் வானிலையையும் சொல்லாமல் எதையும் தொடங்கும் பழக்கம் எனக்கில்லை, தம்பி. முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன். இப்படி உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள். தவசிக்கனி ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார். அரைமணி நேரத்தில் வந்துவிடுவார். அவர் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் என் வீட்டில்தான் காத்திருக்கிறார்கள். என்னைப் பார்க்க என்று வருகிறவர்கள் குறைவு. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நீங்கள் ஞானசுந்தரி அம்மையாரின் தம்பி என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெருமுனையில் திரும்பும்போதே அந்த வண்டியின் ஓசையைக் கேட்டுவிட்டேன். இரண்டாவது கியரில் ஒரு முனகல் வரும். தவசிக்கனி ஓட்டிய நாளிலிருந்தே உண்டு. என் வண்டியில் அது கிடையாது. பதினொரு ஆண்டுகளில் ஒரு முனகல் கிடையாது.

நீங்கள் வந்ததும் நல்லதாயிற்று. உங்கள் அக்காவிடம் யாராவது ஒருவர் என் பக்கத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

என் கண்ணில் புரை. அறுவை செய்த பிறகும், இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால்தான் விற்றேன், வேறு காரணமில்லை. அந்த வண்டியை எப்படி வைத்திருந்தேன் என்பதை நீங்கள் அறிய வேண்டும். சனிக்கிழமைதோறும் காற்றழுத்தம் பார்ப்பேன். பெட்ரோல் போட்ட நாள், போட்ட அளவு, அப்போது ஓடியிருந்த தூரம் மூன்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பேன். கதவின் உட்புறத்தில் என் கையெழுத்தில் ஒரு சிறு பலகை: ‘செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்.’ என் மகன், மருமகள், சம்பந்தி, யாராக இருந்தாலும் அப்படித்தான் ஏறினார்கள். சம்பந்தி ஒருமுறைதான் ஏறினார்.

விளம்பரத்தை நானே எழுதினேன். ஆயிரத்து இருநூறு சொற்கள். புதன்கிழமை தவசிக்கனி வந்து வாசலில் நின்றார். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது ஆண்டுகளாகப் பக்கத்து வீடு.

“சார்வாள், உங்க வண்டிய ஏலத்துல போட்டிருக்கீயளாமே? எனக்கும் முட்டு வலியில கிளட்ச் மிதிக்க முடியல. என் வண்டியையும் போட்டிருதேன். நாலு வரி எழுதித் தாங்களேன்” என்றார்.

கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பொய்யன்று; அன்று கொஞ்சம் நீர் வடிந்தது. மாலையில் பார்த்தால் அவரே எழுதி ஏற்றியிருக்கிறார்: ‘நல்ல வண்டி. நான் ஓட்டினது. வந்து பாருங்க.’ அவ்வளவுதான். படம் இரண்டு. ஒன்றில் அவருடைய கட்டைவிரல் தெரிகிறது.

நான் போட்டு இரண்டு நாள் ஆன பிறகு அவரும் போடுகிறார். அதே ஊர், அதே தெரு, ஏறக்குறைய அதே வயதுடைய வண்டி. இதை என்னவென்று சொல்வீர்கள்? வடிவு, என் மனைவி சண்முகவடிவு, “உங்களுக்குப் பொறாமை” என்கிறாள். பொறாமை என்பது இல்லாதவனுக்கு இருப்பவன்மேல் வருவது. எனக்கு எல்லாம் இருந்தது.

இருக்கட்டும். உங்கள் அக்காவுக்கு வருகிறேன்.

அந்தத் தளத்தில் வாங்க விரும்புகிறவர்கள் கேள்வி கேட்கலாம், விற்பவர் பதில் எழுதலாம், எல்லாரும் படிக்கலாம். முதல் இரண்டு நாள் வந்த கேள்விகளை உங்களிடம் சொல்லவே கூசுகிறது. ‘லாஸ்ட் ரேட்?’ என்று ஒருவர். ‘ப்ரோ எக்ஸ்சேஞ்ச் உண்டா?’ என்று இன்னொருவர். அறுபத்தொன்பது வயதில் என்னை ‘ப்ரோ’ என்று அழைக்கிறார். மூன்றாம் நாள் தென்காசியிலிருந்து ஒரு கேள்வி: ‘வணக்கம். நான்கு டயர்களையும் எப்போது மாற்றினீர்கள்? நான்கும் ஒரே நாளில் மாற்றப்பட்டவையா? - ஞானசுந்தரி, கல்லூரி நூலகர்.’

நான்கும் ஒரே நாளிலா என்று கேட்கிறார், தம்பி! அப்படிக் கேட்க ஒருவர் வருவார் என்றுதானே பதினொரு ஆண்டுகள் பதிவேடு எழுதினேன்? பக்க எண்ணோடு பதில் தந்தேன்.

மறுநாள் அடுத்த கேள்வி. தம் தாயாரை மாதம் இருமுறை திருநெல்வேலிக்கு மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். பின்கதவு எவ்வளவு விரியும்? நான் கோணமானி வைத்து அளந்தேன். வடிவு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறுபத்தெட்டுப் பாகை. எழுதினேன். மூன்றாவது கேள்வி: ‘2023 டிசம்பர் வெள்ளத்தின்போது இந்த வண்டி எங்கே நின்றது?’ நான் எழுதினேன்: ‘உயரமான கொட்டகையில். ஒரு சொட்டு நீரும் தொட்டதில்லை.’ உங்கள் அக்கா எழுதினார்: ‘மகிழ்ச்சி.’

அந்த ஒரு சொல்லை நான் எத்தனை முறை படித்தேன் என்று வடிவு உங்களிடம் சொல்வாள், மிகைப்படுத்துவாள். பத்துக்கு மேல் இராது.

அன்றே அவர் என் வண்டியை ஏலம் கேட்டார். என் வண்டிக்கு ஆறு பேர் கேட்டிருந்தார்கள். மற்ற ஐவரை நான் பொருட்படுத்தவில்லை. தொகையில் ஐயாயிரம் முன்பின் ஆனாலும் இந்த அம்மையாருக்குத்தான் என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். வண்டி ஒரு தகுதியான கைக்குப் போக வேண்டும். வேறு எண்ணமில்லை.

வெள்ளிக்கிழமை, தற்செயலாக, தவசிக்கனியின் விளம்பரத்தைத் திறந்தேன். அங்கே அதே கேள்வி! பின்கதவு எவ்வளவு விரியும்? சொல் மாறாமல் அதே கேள்வி. எனக்கென்று கேட்டது என்று நான் நினைத்திருந்தேன். தவசிக்கனியின் பதில்: ‘அம்மாவக் கூட்டிட்டு வாங்க. உக்காந்து பாக்கட்டும்.’ அளவு இல்லை, பாகை இல்லை. அதன் கீழே உங்கள் அக்கா எழுதியிருக்கிறார்: ‘மிக்க மகிழ்ச்சி.’

எனக்கு ‘மகிழ்ச்சி’. அவருக்கு ‘மிக்க மகிழ்ச்சி’.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. “என்ன செய்யுது?” என்றாள் வடிவு. ஒன்றுமில்லை என்றேன். “அந்த அம்மா அண்ணாச்சி வண்டியையும் கேட்டிருக்காவளா?” என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்ததென்று கேட்டேன். “நானும் போன்ல பாக்கேன்லா” என்றாள். அவள் கைப்பேசியில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, பதினைந்தாம் தேதி, உங்கள் அக்காவும் தாயாரும் நேரில் பார்க்க வந்தார்கள். நீங்கள் அன்று வரவில்லை. நான் வெள்ளை வேட்டி உடுத்து ஒன்பது மணிக்கே தயாராக இருந்தேன்.

“பொண்ணு பாக்கவா வாராவ? எதுக்கு இம்புட்டு பவுடர்?” என்றாள் வடிவு.

“வீட்டுக்கு வருகிறவர்களை மதிக்கும் முறை அது” என்றேன்.

“வண்டியத்தான் பாக்க வாராவ. அதுக்குப் பூசுங்க.”

அவள் அப்படித்தான். நாற்பது ஆண்டுகளில் அவள் நாவைத் திருத்த என்னால் முடியவில்லை.

வந்தார்கள். பதிவேட்டைக் காட்டினேன். உங்கள் அக்கா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, “இப்படி ஒரு பதிவேட்டை எங்கள் நூலகத்தில்கூடப் பார்த்ததில்லை, ஐயா” என்றார். தம்பி, என் பணி ஓய்வு விழாவில் ஏழு பேர் பேசினார்கள். ஒருவரும் இப்படி ஒரு வாக்கியம் பேசவில்லை.

பிறகு உங்கள் தாயார் ஏறிப் பார்க்க வந்தார். காலில் அந்தச் சர்க்கரை நோயாளிகளுக்கான பட்டைச் செருப்பு. நான் பலகையைச் சுட்டிக்காட்டினேன். எல்லாருக்கும் பொதுவான விதிதானே? உங்கள் அக்கா குனிந்து பட்டைகளை அவிழ்த்தார். மூன்று பட்டை, கால் வேறு வீங்கியிருந்தது, ஐந்து நிமிடம் ஆயிற்று. உங்கள் தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எம்மா, கோயிலுக்குள்ள போற மாதிரில்லா இருக்கு” என்றார். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் வேறு பொருளில் சொல்லியிருந்தால் நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.

அடுத்து தவசிக்கனி வீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை. மாடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்; அங்கிருந்து தெரிந்தது. உங்கள் தாயாரைச் செருப்போடு ஏற்றினார் அந்த மனிதர்! ஏற்றி, தெருவை இரண்டு முறை சுற்றி வந்தார். அவர் மனைவி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே சிரிக்கிற ஓசை கேட்டது. முக்கால் மணி நேரம் இருந்தார்கள். என் வீட்டில் இருபத்திரண்டு நிமிடம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். இதைத்தான் உங்கள் அக்காவிடம் நீங்கள் விளக்க வேண்டும்.

தவசிக்கனியின் வண்டி வெள்ளத்தில் இறங்கிய வண்டி. அது எனக்குத் தெரியும். என்னைவிட அதைத் தெரிந்தவர் யாருமில்லை. உங்கள் அக்கா என்னிடம் கேட்ட வெள்ளக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? வெந்நீரும் சிரிப்பும் மறக்கச் செய்துவிட்டன. ஒரு நூலகர் ஏமாறக்கூடாது அல்லவா? செவ்வாய்க்கிழமை நான் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி, ‘உண்மை விளம்பி’ என்ற பெயரில் அவர் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: ‘இவ்வண்டி 2023 வெள்ளத்தில் மூழ்கியதுண்டா?’ என் பெயரில் கேட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் மனம் புண்படும் என்றுதான் மறைத்தேன்.

அவர் பத்து நிமிடத்தில் பதில் எழுதினார். ‘ஆமா. 18-12-2023. சீட் வரைக்கும் தண்ணி. என்ஜின பிரிச்சு வேலை பாத்தது. பில் இருக்கு.’

ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தால் எனக்கு ஒரு நிம்மதி இருந்திருக்கும்.

அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். திங்கட்கிழமை, மாலை நான்கு மணி. முந்தின நாள் காலையிலிருந்து மழை விடவில்லை. தெருவில் முழங்காலளவு நீர். வடிவுக்கு மூச்சுத் திணறியது. உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் பேசினேன், பாதைகள் மூழ்கியிருப்பதால் வர நேரமாகும் என்றார்கள். என் வண்டி கொட்டகையில் நின்றது, உண்மைதான். வண்டியோடு தந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் நீர் நின்றால் ஓட்டக்கூடாது என்று நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நீர் பாதிக்கு மேலே இருந்தது. நான் அளந்தேன்.

அதற்குள் வடிவின் இருமலைக் கேட்டுவிட்டுத் தவசிக்கனி தம் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். கையேடு படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. வடிவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். கார்க் கதவுக்குப் பக்கத்தில் போனதும், அந்த மூச்சுத் திணறலிலும், முழங்கால் தண்ணீரிலும், அவள் என்ன செய்தாள் தெரியுமா? நின்று, குனிந்து, செருப்பைக் கழற்றினாள். அதுவும் என் வண்டியன்று, அவருடைய வண்டி. எனக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமிதம் வந்தது. ஒழுங்கு என்பது அப்படி ஊறியிருக்க வேண்டும். தவசிக்கனிதான் கத்தினார்: “ஏ தாயி, என்ன செய்யுதீய? செருப்போட ஏறுங்க! வண்டி என்ன கோயிலா?” செருப்பு இரண்டும் நீரோடு போய்விட்டன. புதுச் செருப்பு.

தவசிக்கனியின் மனைவியும் கூடப் போனார். நான் உடனே போகவில்லை. வீட்டில் ஒருவர் இருக்க வேண்டாமா? நீர் கொட்டகைக்கு ஏறினால் என்னாவது? ஜாக்கி போட்டு, சக்கரத்துக்கு இரண்டிரண்டு செங்கல் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து நடந்தே போய்ச் சேர்ந்தேன். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய வண்டி குறுக்காக நின்றுகொண்டிருந்தது. வாசல் வரை ஓடி, அங்கேயே அணைந்துவிட்டதாம். மழைநீர் அதற்குள் ஏறியிறங்கிக்கொண்டிருந்தது. வடிவுக்குப் பிராணவாயு வைத்திருந்தார்கள். இன்னும் இருபது நிமிடம் தாமதித்திருந்தால் என்று மருத்துவர் தொடங்கினார். நான் அவரை முடிக்கவிடவில்லை.

என்ஜின் வேலைக்கு ஆன செலவை நான் தவசிக்கனியிடம் கேட்டேன். “அத விடுங்க சார்வாள்” என்றார். இரண்டாம் முறை கேட்பது ஒருவரை அவமதிப்பதாகும் என்பதால் நான் கேட்கவில்லை.

இப்போது ஜூன் பதினேழுக்குத் திரும்பி வாருங்கள். அவர் பதிலைப் பார்த்துவிட்டு உங்கள் அக்கா எழுதினார்: ‘அவ்வளவு நீரில் ஏன் வண்டியை இறக்கினீர்கள்?’ சரியான கேள்வி. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். தவசிக்கனி என்ன எழுதினார் தெரியுமா? ‘ஒரு அவசரம்.’ அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அம்மாவுக்காக என்று எழுதவில்லை. எழுதியிருக்கலாமே? எழுதினால் வண்டிக்கு எவ்வளவு நல்ல பெயர்! எழுதமாட்டார். அதுதான் அவருடைய தந்திரம் என்று அப்போது நினைத்தேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் தந்திரமாக இருந்திருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

கால் மணி நேரம் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். உங்கள் அக்கா அந்த வண்டியைக் கைவிட்டுவிட்டார் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வடிவு அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கைப்பேசி. கீரையை விட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் மெல்ல மெல்லத் தட்டினாள். மகனுக்கு எழுதுகிறாள் என்று நினைத்தேன். என் திரையில் வந்தது.

‘அந்த அவசரம் நான்தான். பக்கத்து வீடு. இப்ப நல்லா இருக்கேன். - சண்முகவடிவு.’

உண்மைப் பெயரில். எல்லாரும் படிக்கிற இடத்தில். நான் அடுக்களை வாசலில் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை.

“ஒரு சொல் என்னிடம் கேட்டிருக்கலாம்” என்றேன்.

“நீங்க எங்கிட்ட கேட்டுட்டா அண்ணாச்சிகிட்ட அந்தக் கேள்விய கேட்டீய?” என்றாள்.

அது நான்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பெயரை மறைத்திருந்தேனே. தவசிக்கனிக்கும் தெரிந்திருக்கும் என்கிறாள். எனக்கு அதில் ஐயம் உண்டு. மறுநாள் காலையிலும் அவர் வழக்கம்போலச் செய்தித்தாளைப் படித்து முடித்து, மடித்து, என் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார். தெரிந்திருந்தால் வைப்பாரா?

பிறகு நடந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஜூன் இருபத்துமூன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு ஏலம் முடிந்தது. உங்கள் அக்கா ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்து தவசிக்கனியின் வண்டியைக் காட்டி, அதையே எடுத்தார். என் வண்டியைக் கோவில்பட்டியில் டிராவல்ஸ் நடத்தும் ஒருவர் எடுத்தார். தவசிக்கனியின் வண்டியைவிட என்னுடையது கூடுதலாகத்தான் போயிற்று. அதைத் தவசிக்கனியிடம் சொன்னேன். “சந்தோசம் சார்வாள், நீங்க வச்சிருந்த பாங்குக்கு இன்னும் போயிருக்கணும்” என்றார். மனமார்ந்து சொன்னார். அதனால் அந்த மகிழ்ச்சியும் எனக்கு மிஞ்சவில்லை.

பதிவேட்டை டிராவல்ஸ்காரர் வாங்கிக்கொள்ளவில்லை. இங்கேதான் இருக்கிறது. போன மாதம் புதுப் பேருந்து நிலையத்துக்கு அருகில் என் வண்டியைப் பார்த்தேன். மஞ்சள் எண்பலகை போட்டிருந்தார்கள். ஆறு பேர் செருப்போடு ஏறினார்கள். என் பலகை இருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும் இருந்தது. நான் பேருந்தில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வடிவு உங்கள் அக்காவோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறாள். நான் அடுத்த அறையில் இருப்பேன். உங்கள் தாயாரின் கால், கீரை, கல்லூரி, ஏதேதோ பேசுகிறார்கள். சிரிக்கிறார்கள். என்னைப் பற்றி அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

இப்போது உங்கள் கையில் இரண்டு உறைகள் இருக்கின்றன. புதுமனைப் புகுவிழா என்று மஞ்சள் தடவியிருப்பதைப் பார்த்தேன். மேலே இருப்பது தவசிக்கனிக்கு. கீழே இருப்பது யாருக்கு என்று நான் கேட்கவில்லை, கண்ணில் பட்டது. ‘திருமதி சண்முகவடிவு அவர்கள், குடும்பத்துடன்.’ உங்கள் அக்காவின் கையெழுத்து நன்றாக இருக்கிறது. குடும்பம் என்றால் இந்த வீட்டில் மிச்சம் நான் ஒருவன்தான்.

வடிவு காப்பி கொண்டுவருகிறாள், குடியுங்கள். நான் இவ்வளவு நேரம் பேசியதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

விழாவன்று காலை ஆறு மணிக்கு இந்த வண்டியையே அனுப்புவதாகச் சொல்கிறீர்கள். முன்னால் தவசிக்கனி உட்காரட்டும், அவருக்கு முட்டு மடக்க முடியாது. பின்னால் அவர் மனைவி, வடிவு, நான், மூன்று பேர். நடுவில் உட்கார எனக்குத் தடையில்லை. ஐந்தே முக்காலுக்கே வாசலில் நிற்பேன் என்று உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். செருப்பை என்ன செய்வதென்பதை மட்டும், அன்றைக்கு முடிவு செய்துகொள்கிறேன்.